மக்களாட்சி என்றால் என்ன? பினாங்கு நண்பர்கள் கேட்டவை

பிறையிலிருந்து ஒரு மாணவி: அண்ணா, ஓட்டுப் போடுவது மட்டும்தான் ஜனநாயகமா?

ஏறக்குறைய அப்படிச் சொன்ன அறிஞர் உண்டு தங்கச்சி. தலைவர்கள் ஓட்டுக்காகப் போட்டியிடுவார்கள், மக்கள் அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள், அதுவே ஜனநாயகம் என்று 1942-இல் எழுதினார் ஜோசப் ஷும்பீட்டர். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மலேசியாவைச் சுதந்திரம் முதல் ஆண்டுவந்த கூட்டணி 2018 மே 9-இல் ஓட்டால்தான் இறங்கியது. ஆனால் பேசவும் சங்கம் சேரவும் பல வழிகளில் செய்தி அறியவும் உரிமை இல்லாவிட்டால் அந்த ஓட்டுக்கு உயிர் இல்லை என்றார் இன்னொரு அறிஞர் ராபர்ட் டால். நான் அவர் பக்கம்.

ஆயர் ஈத்தாம் வாசகர்: எங்கள் வீட்டு முன்னால் கால்வாய் அடைத்துக் கிடக்கிறது. யாருக்கு எதிராக ஓட்டுப் போடுவது?

நேரடியாக யாருக்கு எதிராகவும் போட முடியாது ஐயா. கால்வாயைக் கவனிக்க வேண்டிய மாநகர் மன்றத்தின் உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. எனக்கு மனம் பொறுக்காத விஷயம் இது. நாட்டின் முதல் பொதுத்தேர்தலான 1955 தேர்தலுக்கும் முன்பே, 1951 டிசம்பரில், நகராண்மைத் தேர்தல் நடத்திய ஊர் ஜார்ஜ்டவுன்! இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965-இல் உள்ளாட்சித் தேர்தலை நிறுத்தினார்கள். மோதல் அடுத்த ஆண்டே முடிந்தது, தேர்தல் திரும்பவில்லை. 1976-இல் வந்த சட்டம் கதவையே சாத்திவிட்டது. உள்ளாட்சித் தேர்தலை மீட்கப் பினாங்கு எடுத்த முயற்சியும் 2014-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்றது.

பட்டர்வொர்த் ஆசிரியை: குடவோலையை நம் பழைய ஜனநாயகம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?

பாதி சொல்லலாம் டீச்சர். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி ஊர்ச்சபைக்கு ஆள் எடுத்த முறை அது. சோழர் கால உத்திரமேரூர்க் கல்வெட்டின்படி, கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் சபைக்கு வர முடியாது. இன்றைக்கும் வேண்டிய விதி. ஆனால் நிலமும் வேதப் பயிற்சியும் உள்ளவர்களுக்கு மட்டுமே இடம். பெண்களையும் அடிமைகளையும் விலக்கிய பண்டைய கிரேக்க நகரம் ஏதென்சைப் போலத்தான்.

ஜெலுத்தோங் வாசகர்: மக்களே நேரடியாக முடிவெடுக்க வழி உண்டா?

உண்டு. சுவிட்சர்லாந்தில் 18 மாதத்தில் 1 லட்சம் கையெழுத்துச் சேர்த்தால் அரசியலமைப்பையே திருத்தச் சொல்லி வாக்கெடுப்பு கேட்கலாம். அயர்லாந்தில் குலுக்கலில் எடுத்த 99 குடிமக்கள் கருக்கலைப்புச் சட்டம் பற்றி மாதக்கணக்கில் கலந்து பேசினார்கள், 2018-இல் நாடே வாக்களித்தது. பிரேசிலின் போர்த்தோ அலெக்ரேயில் 1989 முதல் மக்கள் கூடி நகர நிதியைப் பங்கிட்டார்கள். அவ்வளவு தூரம் ஏன்? 2012 முதல் பினாங்கிலேயே சில அடுக்குமாடிகளில் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று குடியிருப்பவர்களே ஓட்டுப் போட்டார்கள்.

அவரே: சரி, நான் எங்கே தொடங்குவது?

உங்கள் அடுக்குமாடியின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில். பராமரிப்புக் கட்டண பாக்கி இருந்தால் முன்கூட்டியே கட்டிவிடுங்கள், இல்லையென்றால் அங்கே ஓட்டு கிடைக்காது.