மூலிகை மாத்திரைதானே, சேர்த்துச் சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. ரொம்ப வருடமாக ஒற்றைத் தலைவலி. தினமும் ப்ரோப்ரனலால் சாப்பிடுகிறேன், வலி வந்தால் மட்டும் சுமட்ரிப்டான். அமெரிக்காவிலிருந்து வந்த நாத்தனார் மெக்னீசியம், மஞ்சள்கிழங்கு கேப்சூல், மனச்சோர்வுக்கு செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்று மூன்று டப்பா கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். எல்லாம் இயற்கைதானாம். டாக்டரிடம் சொன்னால் திட்டுவாரோ என்று தயக்கம். சாப்பிடலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: திட்டினால் திட்டட்டும், சொல்லிவிடுங்கள். அதுவரை செயின்ட் ஜான்ஸ் வோர்ட் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். அது மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனத்தைக் கூட்டும். சுமட்ரிப்டானும் செரட்டோனின் வழியாகத்தான் வேலை செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் படபடப்பு, வியர்வை, கை நடுக்கம், வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம் எல்லாம் வரலாம், அபூர்வம்தான், ஆனால் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம். போதாக்குறைக்கு, இந்த மூலிகை கல்லீரல் நொதிகளைத் தூண்டிவிட்டு வேறு பல மருந்துகளின் பலனைக் குறைத்துவிடும்; கருத்தடை மாத்திரையும் அதில் ஒன்று. மனச்சோர்வு நிஜமாகவே இருந்தால் அதையும் டாக்டரிடம் பேசுங்கள், ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு அது சகஜம்.

மஞ்சள் கேப்சூலின் லேபிளில் பொடி எழுத்தையும் படியுங்கள். மஞ்சள் உடம்பில் நன்றாகச் சேரட்டும் என்று பலர் மிளகிலிருந்து எடுத்த பைப்பரினைக் கலக்கிறார்கள். தினம் 20 மி.கி. பைப்பரின் சாப்பிட்டவர்களுக்கு ப்ரோப்ரனலால் ரத்தத்தில் அதிகம் ஏறியதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். அப்படி ஏறினால் நாடித்துடிப்பு இறங்கும், எழுந்து நின்றால் தலை சுற்றும். (ரசத்து மிளகைச் சொல்லவில்லை, தாராளமாகக் குடியுங்கள்.)

மெக்னீசியத்துக்குப் பெரிதாகப் பயப்பட வேண்டாம், தலைவலி வராமல் தடுக்க டாக்டர்களே எழுதித் தருவதுதான். அதிகமானால் வயிறு போகும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் தொடவே கூடாது.

அப்புறம், நாத்தனார் அடுத்த முறை 'மைக்ரேனுக்கென்றே' பட்டர்பர் மூலிகை கொண்டு வந்தால் வாங்காதீர்கள். 2012-ல் அதைப் பரிந்துரைத்த அமெரிக்க நரம்பியல் அகாடமியே, கல்லீரல் பாதிப்பு பற்றிய கவலையால் 2015-ல் பின்வாங்கிவிட்டது.

டாக்டரிடம் போகும்போது மூன்று டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள், வாயால் சொன்னால் பாதி விட்டுப்போகும். இதைப் படித்துவிட்டுப் பயந்து ப்ரோப்ரனலாலை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதைத் திடீரென்று விட்டால் ரத்த அழுத்தமும் இதயத்துடிப்பும் எகிறும்.