கத்திரிக்காய் ஏன் மினுங்கவில்லை?

வணக்கம்.

ஜப்பானியக் கிண்ணச் சோறு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, கத்திரிக்காய் கபாயாகி டொன் (இனிப்பும் உப்புமான சாஸ் பூசிய கத்திரிக்காயைச் சோற்றின் மேல் வைத்த கிண்ணம்) செய்து பார்த்தேன். மூன்று முறையும் சொதப்பல். கத்திரிக்காயை நீளவாக்கில் அரிந்து, உப்புப் போட்டு, இரும்புத் தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு வதக்கினேன். மேலே சோயா சாஸ், சர்க்கரை, கொஞ்சம் தேன், மிரின் என்னும் இனிப்புச் சமையல் மதுவுக்குப் பதில் வினிகர். முதல் முறை ரசம் மாதிரி நீர்த்துக் கிடந்தது. இரண்டாம் முறை கெட்டியாகட்டும் என்று கார்ன்ஃப்ளார் கரைத்து ஊற்றினேன். கோபி மஞ்சூரியன் கிரேவி ஆகிவிட்டது. மூன்றாம் முறை விடாமல் சுண்டவைத்தேன், கரிந்து கசந்தது. உப்பு மட்டும் மூன்று முறையும் தூக்கலாக இருந்தது. பொன்னிப் புழுங்கல் சோறு சாப்பிடும் குச்சியில் நிற்கவே இல்லை. நாங்கள் சைவம், சமையலில் மதுவும் சேர்ப்பதில்லை. எங்களுக்கு இது ஒத்துவராத சமையலா?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

நன்றாகவே ஒத்துவரும். சைவத்தாலும் மதுவிலக்காலும் இங்கே பெரிய நஷ்டம் இல்லை. உங்கள் மூன்று முயற்சியையும் கெடுத்தது தண்ணீர்தான்.

கபாயாகி என்பது விலாங்கு மீனுக்கான பக்குவம். மீனைப் பிளந்து விரித்து, இனிப்பும் உப்பும் கலந்த சாஸைத் தடவித் தடவிச் சுடுவார்கள். விலாங்கில் கொழுப்பு உண்டு, தோலில் பசையும் உண்டு. இரண்டும் சாஸோடு சேர்ந்து அரக்குப் பூச்சு மாதிரி பிடித்துக்கொள்ளும். ஜப்பானிய விலாங்கு 2014இல் அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் சர்வதேசப் பட்டியலில் சேர்ந்தது. விலையும் அதிகம். வீடுகளில் அதற்கு ஈடாகச் செய்யும் பண்டங்களில் ஒன்றுதான் இந்தக் கத்திரிக்காய். ஆனால் கத்திரிக்காயில் கொழுப்பும் கிடையாது, பசையும் கிடையாது. எடையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அதை முதலில் வெளியேற்ற வேண்டும்; பிறகு இல்லாத பசையை நாம் பூசிவிட வேண்டும். சாஸ் வருவது கடைசி இரண்டு நிமிடத்தில்.

இரண்டு பேருக்கு 100 கிராம் அளவில் நான்கு நீளக் கத்திரிக்காய் எடுத்துக்கொள்ளுங்கள். குண்டுக் கத்திரிக்காய் வேண்டாம்; விதையும் அதிகம், விரித்தால் வடிவமும் நிற்காது. காம்பை நறுக்கிவிட்டுத் தோலைச் சீவியில் முழுதாகச் சீவுங்கள். இட்லிப் பானையில் தட்டு வைத்து ஆவியில் 8 நிமிடம். நடுவில் குச்சி தடையில்லாமல் இறங்க வேண்டும், காய் குழைந்துவிடவும் கூடாது. வேகாத கத்திரிக்காயின் சதை காற்றறை நிறைந்த பஞ்சு. அப்படியே வாணலியில் போட்டால் ஊற்றுகிற எண்ணெயையெல்லாம் குடித்துவிடும். ஆவியில் அந்த அறைகள் அமுங்கிவிடுவதால் பிறகு ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெயே போதும்.

ஆறியதும் நீளவாக்கில் கத்தியை விடுங்கள். அடிவரை வெட்டாமல் புத்தகம் திறப்பதுபோல் விரியுங்கள். முள்கரண்டியின் முதுகால் லேசாக அழுத்திப் பட்டையாக்கி, அதன் முனையால் குறுக்கே கோடு கிழியுங்கள். இனிமேல்தான் பெரும்பாலோர் விட்டுவிடும் வேலை: பருத்தித் துணியில் வைத்து இரு பக்கமும் ஒற்றி எடுங்கள். துணி நன்றாக நனையும். அவ்வளவு தண்ணீரும் உங்கள் முதல் முறைச் சாஸில்தான் கலந்திருந்தது. முன்கூட்டி உப்புப் போட்டது அதை இன்னும் வேகமாக வெளியே இழுத்தது.

அடுத்தது மாவு. ஜப்பானில் உருளைக்கிழங்கு ஸ்டார்ச் பயன்படுத்துவார்கள். அது கண்ணாடி மாதிரி தெளிவாக வேகும், கார்ன்ஃப்ளார் கொஞ்சம் மங்கும். வீட்டில் கார்ன்ஃப்ளார்தான் இருக்கிறது என்றால் அதுவே போதும். ஒரு காய்க்கு ஒரு தேக்கரண்டி, வடிகட்டியில் சலித்துத் தூவி, மிஞ்சியதைத் தட்டி உதறிவிட்டு, உடனே எண்ணெயில் போடுங்கள். ஐந்து நிமிடம் தாமதித்தால் மாவு ஈரம் குடித்துக் களியாகிவிடும். இரண்டாம் முறை நீங்கள் சாஸில் கரைத்ததும் இதே மாவுதான். அங்கே அது சாஸையே கூழாக்கியது. காயின் மேல் இருந்தால் மெல்லிய தோலாக வெந்து, சாஸைப் பிடித்துக்கொள்ளும்.

தோசைக்கல்லை இதற்கு எடுக்காதீர்கள். கனமான இரும்பு சூட்டைத் தேக்கிவைத்திருக்கும். சர்க்கரைச் சாஸ் சரியான பதத்துக்கு வந்து நீங்கள் அடுப்பை அணைத்த பிறகும் கல் அதைக் காய்ச்சிக்கொண்டே இருக்கும். 26 செ.மீ. நான்ஸ்டிக் வாணலி நல்லது. மிதமான தீயில் ஒரு பக்கம் 3 நிமிடம், திருப்பி 2 நிமிடம், ஓரம் பொன்னிறமாகும்வரை. பிறகு வாணலியில் தேங்கிய எண்ணெயைக் காகிதத்தால் துடைத்துவிடுங்கள். எண்ணெய் மிதந்தால் சாஸ் வழுக்கிக்கொண்டு போகும்.

இப்போது சாஸ். ஜப்பானிய வீட்டு அளவு எளிது: சோயா சாஸ், மிரின், சாகே (அரிசி மது) தலா 2 மேசைக்கரண்டி, சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி. மிரின் என்பது ஒட்டரிசியைப் பூஞ்சையூட்டி இனிக்கவைத்த மது. அசல் மிரினில் 14 சதவீதம் அளவுக்கு ஆல்கஹால் உண்டு. உங்கள் வீட்டுக்கு இப்படி: சோயா சாஸ் 2 மேசைக்கரண்டி, தண்ணீர் 3 மேசைக்கரண்டி, சர்க்கரை 4 தேக்கரண்டி. மேசைக்கரண்டி 15 மி.லி., தேக்கரண்டி 5 மி.லி.; இங்கே கண் அளவு உதவாது. மிரினின் மணம் கிடைக்காது, பளபளப்புக்குக் குறைவிருக்காது. வினிகரை மறந்துவிடுங்கள். யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை, மிரினுக்கு வினிகர் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். மிரினில் புளிப்பே இல்லை. தேனும் வேண்டாம், அதிலுள்ள பழச்சர்க்கரை சீனியைவிடக் குறைந்த சூட்டிலேயே கருகத் தொடங்கும். பூண்டும் எள்ளும் போட்ட கெட்டியான பாட்டில் டெரியாகி சாஸ் அமெரிக்கப் பழக்கம். ருசிதான், ஆனால் இது வேறு பண்டம்.

உப்பு தூக்கியதற்கு, காயில் போட்ட உப்போடு சோயா சாஸும் காரணமாக இருக்கலாம். பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள்: தண்ணீர், சோயா, கோதுமை, உப்பு, இவைதான் முக்கியமாக இருக்க வேண்டும். கேரமல் நிறமும் சர்க்கரையும் முன்னால் நின்றால் அது வேறு வகை. சுண்டும்போது கறுத்துக் கசக்கும். ‘லைட்’ என்று போட்டிருந்தால் உப்புக் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். ஜப்பானிய வெளிர் சோயாவில் உப்பு 18 சதவீதத்துக்கும் மேல், அடர்நிற வகையில் 16 சதவீதம் அளவில். காயில் உப்பு வேண்டாம், சோற்றிலும் வேண்டாம்.

கலந்த சாஸிலிருந்து ஒரு மேசைக்கரண்டியைத் தனியே ஒரு கரண்டியில் ஒரு கொதி விட்டு வைத்துக்கொள்ளுங்கள், சோற்றுக்கு அது. மீதியைக் காய்கள் இருக்கும் வாணலியில் ஊற்றி, மிதமான தீயில் வைத்துக் குமிழைப் பாருங்கள். முதலில் சின்னச் சின்னதாக, வேகமாக, வெளுத்த நுரையோடு வரும். ஒரு நிமிடத்தில் நுரை அடங்கும். பிறகு குமிழ்கள் பெரிதாகி, பாகுக் குமிழ் மாதிரி சோம்பலாக எழுந்து உடையும், சத்தமும் தணியும். அப்போது காயைத் திருப்பிப் போட்டு, வாணலியைச் சாய்த்து, சாஸைக் கரண்டியால் மேலே அள்ளி அள்ளி விடுங்கள். அடியில் கரண்டியால் ஒரு கோடு இழுத்தால் அது மூட ஒரு விநாடி பிடிக்க வேண்டும். அந்த நொடியில் அடுப்பை அணையுங்கள். சாஸ் இன்னும் கொஞ்சம் நீர்த்திருப்பதாகத்தான் தோன்றும், ஆறும்போது இறுகும். மூன்றாம் முறை நீங்கள் தவறவிட்ட இடம் இதுதான். தாண்டிவிட்டால், கறுக்கும் முன் ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர் விட்டு ஆட்டினால் மீண்டுவிடும். கசப்பு வந்துவிட்டால் மீட்க வழியில்லை.

சோறு. புழுங்கலரிசி எவ்வளவு குழைத்தாலும் இதற்கு வராது. ஜப்பானிய அரிசி வாங்க முடிந்தால் 225 கிராம் (அவர்கள் கணக்கில் ஒன்றரைக் கோப்பை, அரிசிக் கோப்பை 180 மி.லி. மட்டுமே, 240 மி.லி. கப்பால் அளந்தால் எல்லாம் தப்பும்). முதல் கழுநீரை உடனே கொட்டுங்கள். உலர்ந்த அரிசி அந்தத் தவிட்டு வாடையை உறிஞ்சிக்கொள்ளும். இன்னும் மூன்று முறை அலசி வடித்து, 300 மி.லி. தண்ணீரில் அரை மணி ஊறவிட்டு, அதே தண்ணீரில் மூடிக் கொதிக்கவையுங்கள். கொதித்ததும் சிம்மில் 12 நிமிடம், அணைத்துத் திறக்காமல் 10 நிமிடம். பிறகு துடுப்பால் வெட்டினாற்போல் கிளறுங்கள், மசிக்காதீர்கள். கிடைக்காவிட்டால் புதுப் பச்சரிசியில் ஒரு கப்புக்கு இரண்டு மேசைக்கரண்டி ஒட்டரிசி சேர்த்து, வடிக்காமல் பொங்குங்கள். வினிகர் கலந்த சோறு சுஷிக்கு. இங்கே வெறும் சோறு.

கிண்ணத்தில் ஆளுக்கு 250 கிராம் சோறு, அமுக்காமல். அதன் மேல் எடுத்துவைத்த சாஸ், பிய்த்துப் போட்ட நோரி (உலர்ந்த கடற்பாசித் தாள்), பிறகு காய். கடைசியாக சன்ஷோ (ஜப்பானிய மிளகு) பொடி ஒரு சிட்டிகை, நாக்கில் சுறுசுறுக்கும் அந்த வாசனைதான் இனிப்பை வெட்டும். நம் கறிவேப்பிலையும் சன்ஷோவும் ஒரே தாவரக் குடும்பம், எலுமிச்சையும் அதில்தான். சன்ஷோ இல்லாவிட்டால் மிளகோடு எலுமிச்சைத் தோலைத் துளி துருவிப் போடலாம். நீங்கள் சைவம் என்பதால் ஒன்று: கடையில் விற்கும் விலாங்குச் சாஸிலும், சோற்றில் தூவும் ஃபுரிகாகே பொடியிலும் மீன் இருக்கலாம்.

இதே முறையில் தாமரைத் தண்டை 7 மி.மீ. வில்லையாக அரிந்து, வினிகர் கலந்த தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டுத் துடைத்துச் செய்யலாம். டோஃபு (சோயா பனீர்) என்றால் மேலே கனம் வைத்து 20 நிமிடம் நீர் பிழிய வேண்டும். காளானைக் கழுவாதீர்கள், துடைத்தால் போதும். ஒவ்வொன்றையும் தனித்தனியே பொரித்தெடுத்து, சாஸுக்கு மட்டும் ஒன்றாகச் சேருங்கள். கோஸும் சுரைக்காயும் வேண்டவே வேண்டாம்; அவை தண்ணீர் விடுவதை நிறுத்தாது.

வாணலி காயும் முன் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு ஒரு கொதி கொதிக்கவிடுங்கள். ஒட்டிய பாகு தானாகக் கழன்றுவிடும், தேய்க்க வேண்டியதில்லை.