பேஸ் கிட்டார் வாங்கும்போது பிக்கப்பில் என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி: எங்கள் ஊர் மெல்லிசைக் குழுவில் இரண்டு வருடமாக இரவல் பேஸ் கிட்டாரை வைத்து வாசிக்கிறேன். இப்போது சொந்தமாக ஒன்று வாங்கப் பணம் சேர்ந்துவிட்டது. கடையில் பி மாடல், ஜே மாடல், இரண்டும் கலந்த பி-ஜே, ஹம்பக்கர் வைத்தது என்று நான்கைக் காட்டினார்கள். விலை ஏறக்குறைய ஒன்றுதான். எல்லாவற்றிலும் அதே நான்கு கம்பிதானே, பிக்கப் எங்கே இருந்தால் என்ன? எதை வாங்கலாம்?

பதில்: பிக்கப் என்பது கம்பியின் ஆட்டத்தை மின்சாரமாக மாற்றி ஆம்ப்புக்கு அனுப்பும் காந்தமும் காயிலும் (கம்பிச் சுருள்) சேர்ந்த பாகம். அது எங்கே இருக்கிறது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரவல் பேஸை மடியில் வைத்து, ஆம்ப் இல்லாமல், தடித்த இ கம்பியை நெக் (விரல் வைக்கும் நீண்ட தண்டு) உடலோடு சேர்ந்து முடியும் இடத்தில் கட்டைவிரலால் மீட்டுங்கள். அப்புறம் அதே கம்பியைப் பிரிட்ஜை, அதாவது உடலில் கம்பி கட்டப்பட்டிருக்கும் முனையை ஒட்டி மீட்டுங்கள். முதலில் 'தூம்' என்று உருண்டு வரும், அடுத்தது 'டங்' என்று கெட்டியாக, மூக்கால் பேசுவதுபோல வரும். நெக் பக்கம் கம்பி அகலமாக ஆடும், அங்கே அடிநாதம் நிறைந்திருக்கும். பிரிட்ஜ் பக்கம் ஆட்டம் குறைவு, அடிநாதம் மெலிந்து மேல் சுரங்கள் முன்னால் வரும். தனக்கு நேர் மேலே கம்பி எப்படி ஆடுகிறதோ, அதை மட்டும்தான் பிக்கப் எடுத்துக்கொடுக்கும்.

இனி அந்த நான்கையும் பார்க்கலாம். பி என்பது பிரெசிஷன் பேஸ். ஃபெண்டர் நிறுவனம் இதை 1951இல் கொண்டுவந்தது. 1957இல் அதன் பிக்கப்பை இரண்டு துண்டாக்கினார்கள். ஒரு துண்டு இ, ஏ கம்பிகளுக்கு, மற்றது டி, ஜி கம்பிகளுக்கு. இரண்டின் காந்த முனையும் காயில் சுற்றிய திசையும் எதிரெதிராக இருப்பதால் மின் இரைச்சல் தானாகவே அடங்கிவிடும். பிக்கப் நிற்பது நெக்குக்கும் பிரிட்ஜுக்கும் இடையில். அதனால் சத்தம் தடிமனாக, நடுப்பகுதி நிறைந்து வரும். தனியாகக் கேட்டால் கொஞ்சம் மந்தமாகக்கூடத் தோன்றும். குழுவோடு சேரும்போதுதான் அதன் அருமை தெரியும். 1960களில் டெட்ராய்ட் நகர மோட்டவுன் இசை நிறுவனத்தின் பதிவுகளில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது இந்த வகையில்தான்.

ஜே என்பது 1960இல் வந்த ஜாஸ் பேஸ். இரண்டு சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப், இரண்டுக்கும் தனித்தனி வால்யூம். பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் திறந்தால் சத்தம் உறுமும். ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே உள்ள உலோகக் கட்டை) இல்லாத ஜாஸ் பேஸில் பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் எடுத்த பாடும் தொனி அங்கிருந்து வந்ததுதான். இரண்டையும் முழுதாகத் திறந்தால், ஒரே கம்பியை இரண்டு இடத்தில் எடுப்பதால் நடு ஒலிகள் சில ஒன்றையொன்று தின்றுவிடும். தெளிவும் பளபளப்பும் கூடும், நடுவில் ஒரு பள்ளம் விழும். இரைச்சல் அடங்குவதும் இந்த நிலையில்தான். ஒன்றைக் குறைத்தால் 'ம்ம்ம்' என்று கிளம்பும். சீரியல் விளக்கும் சரியில்லாத எர்த்தும் உள்ள திருவிழா மேடையில் இது பெரிய தொல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இ கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். ஆம்ப்பில் அந்த இரைச்சலை வெட்டப் போனால் சுரமும் கூடவே போய்விடும்.

பி-ஜேயில் நடுவில் பி, பிரிட்ஜ் பக்கம் ஜே. இரண்டு குணமும் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் பி தன் இரைச்சலைத் தானே அடக்கிக்கொள்கிறது. ஜேயின் இரைச்சலை அடக்கத் துணை யாரும் இல்லை. இரைச்சல் அடக்கும் வகை ஜே போட்டிருக்கிறார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

ஹம்பக்கர் என்பது இரைச்சலை அடக்க இரண்டு காயிலைச் சேர்த்து வைத்த பிக்கப். அந்த மாடல்களில் பெயர்பெற்றது 1976இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே. பிரிட்ஜ் பக்கம் பெரிய ஹம்பக்கர், உள்ளே 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் (ஆம்ப்புக்குப் போகும் முன்பே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு மின்சுற்று). கட்டைவிரலால் அடித்து வாசிப்பவர்களுக்கு அது தனிச் சுகம். ஒரு எச்சரிக்கை: சோப்புக் கட்டிபோல அகலமான மூடி போட்டதெல்லாம் ஹம்பக்கர் இல்லை. உள்ளே சிங்கிள் காயிலும் இருக்கலாம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

என் முதல் பேஸைக் கடையில் பிரிட்ஜ் பிக்கப்பில் தனியாக வாசித்துப் பார்த்து மயங்கி வாங்கினேன். முதல் கச்சேரியில் கீபோர்டும் தபேலாவும் ரிதம் பேடும் சேர்ந்ததும், அரங்கின் நடு வரிசைக்கு என் சத்தம் போய்ச் சேரவே இல்லை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், மெல்லிசைக் குழுவுக்கு முதல் பேஸ் என்றால் பி வாங்குங்கள். இரைச்சல் பிரச்சினை தீர்ந்த பி-ஜே கிடைத்தால் அதுவும் சரி.

கடைக்குப் போகும்போது ஒரு ரிதம் டிராக்கைப் போனில் எடுத்துப் போங்கள். ஆம்ப்பின் பேஸ், மிட், ட்ரெபிள் மூன்றையும் நடுவில் வைத்து, நீங்கள் மேடையில் வாசிக்கும் அதே பகுதியை நான்கிலும் வாசியுங்கள். பிறகு கம்பிகளைக் கையால் அமுக்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். திசைக்குத் திசை இரைச்சல் ஏறி இறங்கினால் அது சிங்கிள் காயில் வேலை. போனில் வீடியோ பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். திறந்த இ கம்பியின் 41 ஹெர்ட்ஸ் போன் ஸ்பீக்கரில் வரவே வராது.

கேள்வி: புது பேஸ் வாங்க வசதியில்லை. பழையதில் பிக்கப்பை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: குணம் கொஞ்சம் மாறும், இடம் மாறாது. பி குழியில் எந்த பி பிக்கப்பைப் போட்டாலும் அது பி சத்தம்தான். அதற்கு முன் புதுக் கம்பி மாட்டுங்கள். அடுத்து ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பிக்கப் உயரத்தைச் சரிசெய்யுங்கள். ஜி கம்பி மெலிந்து கேட்டால் அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் ஏற்றலாம். இ கம்பிப் பக்கம் ரொம்ப ஏற்றினால் காந்தம் கம்பியை இழுத்து சுரம் தள்ளாடும். ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திருப்பி வாசித்துப் பாருங்கள், மறுபடி கால் சுற்று. இதிலேயே பலருக்குக் குறை தீர்ந்துவிடும்.

கேள்வி: ஆக்டிவ் பேஸில் மாதம் ஒரு பேட்டரி தீர்ந்துபோகிறது. பழுதா?

பதில்: வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றுகிறீர்களா? பெரும்பாலான ஆக்டிவ் பேஸ்களில், அதாவது பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் உள்ளவற்றில், கேபிளைச் செருகினாலே பேட்டரி ஓடத் தொடங்கிவிடும். கழற்றி வைத்தும் தீர்ந்தால் ஜாக்கைப் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள்.