லினக்ஸில் ஹெட்போன் பாடுகிறது, லேப்டாப் ஸ்பீக்கர் மட்டும் ஊமை: டிரைவரில் எதைத் திருத்துவது?

முதலில் ஒரு சோதனை. விண்டோஸில் பாட்டை ஓடவிட்டு, பவரை அணைக்காமல் ரீஸ்டார்ட் செய்து நேரே லினக்ஸுக்கு வாருங்கள். இப்போது ஸ்பீக்கர் பேசினால், விண்டோஸ் டிரைவர் கொடுக்கும் தொடக்கக் கட்டளை எதையோ லினக்ஸ் டிரைவர் கொடுக்கவில்லை. அப்போதும் ஊமை என்றால் பின் (pin, ஒலிச் சிப்பின் இணைப்பு முனை) அமைப்பைச் சந்தேகப்படுங்கள்.

ரியல்டெக் நிறுவனத்தின் கோடெக்குகளில் (ஒலிச் சிப்களில்) ஸ்பீக்கர் பெரும்பாலும் 14 அல்லது 17 என்ற நோடில் (சிப்பின் எண்ணிட்ட உட்பகுதியில்) இருக்கும் (எல்லாம் ஹெக்ஸ், அதாவது 16 அடிமான எண்கள்). ஒவ்வொரு பின்னுக்கும் பயாஸ் 8 இலக்க எண் ஒன்றை எழுதி வைக்கிறது. உள் ஸ்பீக்கருக்கு வழக்கமான எண் 90170110. முதல் இலக்கம் 9 என்றால் பெட்டிக்குள் நிலையாகப் பொருத்தியது. மூன்றாவது இலக்கம் 1 என்றால் ஸ்பீக்கர், 2 என்றால் ஹெட்போன். முதல் இலக்கம் 4 ஆக இருந்தால் "இங்கே எதுவும் இணைக்கவில்லை" என்று பொருள். பயாஸ் இதைத் தப்பாக எழுதியிருந்தாலும் டிரைவர் அப்படியே நம்பி அந்தப் பின்னை ஒதுக்கிவிடும். லினக்ஸின் ஒலி அமைப்பான ஆல்சாவின் கருவிகளில் உள்ள ஹெச்டிஏ ஜாக் ரீடாஸ்க்கில் அதை உள் ஸ்பீக்கராக மாற்றிப் பாருங்கள்.

பின் சரியாக இருந்தும் சத்தம் இல்லையா? கருநிரல் (கெர்னல்) பதிவில் சிஎஸ்35எல்41, டிஏஎஸ்2781 போன்ற பெயர் தெரிகிறதா என்று தேடுங்கள். தெரிந்தால் ஆம்ப்ளிஃபயர் தனிச் சிப். அதற்குத் தனி டிரைவரும் ஃபர்ம்வேரும் வேண்டும். கோடெக்குக்கு என்ன கட்டளை அனுப்பினாலும் அது விழிக்காது.

இல்லையென்றால், கட்டளைகளை நீங்களே எழுதத் தொடங்கும் முன் அதே வரிசையில் வந்த பக்கத்து மாடலுக்கு டிரைவரில் ஏற்கெனவே உள்ள திருத்தத்தை எஸ்என்டி-ஹெச்டிஏ-இன்டெல் என்ற ஒலி டிரைவரின் மாடல் ஆப்ஷன் வழியாகப் போட்டுப் பாருங்கள். பல நேரம் வேலை இதோடு முடிந்துவிடும்.

ஹெச்டிஏ-வெர்ப் (கோடெக்குக்கு நேரே கட்டளை அனுப்பும் கருவி) வரிகளை ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டில் வைத்து நிறுத்திக்கொள்பவர்கள் நிறைய. தயவுசெய்து அப்படி விடாதீர்கள். சஸ்பெண்டில் கோடெக் மின்சாரம் இழந்தால், எழுதிய மதிப்புகளும் போய்விடும். மின்சேமிப்பில் கோடெக் தூங்கி எழும்போதும் இதே கதைதான். டிரைவரின் திருத்தப் பட்டியலில் சேர்த்தால், ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் டிரைவரே அவற்றை மறுபடி அனுப்பும். பெரும்பாலும் வேண்டியது ஒரே வரி: உங்கள் கணினியின் சப்சிஸ்டம் எண்ணும் (மாடலை அடையாளம் காட்டும் எண்), பொருத்தமான திருத்தத்தின் பெயரும். 6.17 கருநிரலுக்கு முன் இந்தப் பட்டியல் பேட்ச்_ரியல்டெக் கோப்பில் இருந்தது. இப்போது ரியல்டெக் அடைவில் ஏஎல்சி269 கோப்பைப் பாருங்கள்.

கவனம்: ஒலிக் கட்டுப்பாட்டகத்தின் பிசிஐ சப்சிஸ்டம் எண்ணும் கோடெக்கின் சப்சிஸ்டம் எண்ணும் வேறாக இருக்கலாம். சில தயாரிப்புகளில் ஒரே பிசிஐ எண்ணை வேறு மாடல்களும் பகிர்கின்றன. அங்கே கோடெக் எண்ணை வைத்துப் பொருத்தும் வரியை எழுதுங்கள். இல்லாவிட்டால் இன்னொருவரின் ஸ்பீக்கர் ஊமையாகும்.