பரிணாமத்தின் மேல் பழி போடும் மாப்பிள்ளை

கேள்வி: எனக்கு 30 வயது. மென்பொருள் வேலை போய் இரண்டு மாதமாகிறது. நிச்சயதார்த்தம் முடிந்து, தை மாதம் கல்யாணம். (பெண்ணிடம் இன்னும் சொல்லவில்லை, தாலி கட்டும்வரை மூச்சு விடாதே என்கிறார் அம்மா.) சம்பாதிக்கும் ஆணைத் தேர்ந்தெடுப்பது பெண்களுக்குப் பரிணாமம் எழுதிவைத்த விதி என்று படித்தேன். பெண் மயில் தோகை பார்த்துத்தானே சேர்கிறது? எப்படியும் விட்டுப் போகப் போகிறவள் என்றால், நானே முந்திக்கொண்டு நிறுத்திவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. அவளிடம் சொல்லவே இல்லை. ஆனால் அவள் பதில் என்னவென்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது!

நீங்கள் படித்தது அமெரிக்க உளவியலாளர் டேவிட் பஸ் வாழ்க்கைத் துணைத் தேர்வு பற்றி 1989இல் வெளியிட்ட ஆய்வின் பாதியாக இருக்கும். 37 பண்பாடுகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். வருமானத்துக்கு ஆண்களைவிடப் பெண்கள் கூடுதல் மதிப்புக் கொடுத்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஆணும் பெண்ணும் பணத்துக்கும் அழகுக்கும் மேலே வைத்தவை அன்பும் புரிதலும் அறிவும். அந்தப் பக்கத்தை ஏன் தாண்டிப் போனீர்கள்?

மயிலையும் இழுத்திருக்கிறீர்கள். அந்தத் தோகை பெரும் சுமை. அதைத் தூக்கிக்கொண்டு உயிர் பிழைத்திருப்பதே வலுவுக்குச் சான்று, போலியாகக் காட்டுவது கடினம் என்றார் இஸ்ரேலிய உயிரியலாளர் அமோட்ஸ் சஹாவி, 1975இல். நீங்களோ உதிர்ந்த தோகையைக் கல்யாணம்வரை ஒட்டவைத்துக்கொள்ளப் பார்க்கிறீர்கள். பிள்ளைக்காக உழைப்பையும் காலத்தையும் அதிகம் செலவிடும் பாலினம் துணையைத் தேர்வதில் எச்சரிக்கையாக இருக்கும் என்று 1972இலேயே எழுதினார் பரிணாம உயிரியலாளர் ராபர்ட் ட்ரிவர்ஸ். சுமந்து பெறப்போகிறவளுக்கு யோசித்து முடிவெடுக்க உரிமை உண்டு. தெரிய வேண்டியதை மறைத்துவிட்டு, அவள் பணம் பார்ப்பவள் என்று முன்கூட்டியே குற்றம் சாட்டுகிறீர்கள். இதில் மயில் என்ன பாவம் செய்தது?

வேலை போவது அவமானமில்லை. இன்று எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. மறைத்துத் தாலி கட்டுவது மோசடி. அம்மா சொன்னார் என்பது சாக்கு ஆகாது. பெற்றவள் பேச்சைக் கேட்க வேண்டும் என்று சொல்கிற கட்சிதான் நானும். ஆனால் இன்னொரு வீட்டுப் பெண்ணை ஏமாற்றச் சொல்லும்போது 'முடியாது அம்மா' என்பதுதான் மகனின் கடமை. வரப்போகிற மருமகளைப் பொய்யோடு வாசலில் வரவேற்க நினைக்கும் அவரிடமும் எனக்கு வருத்தம் உண்டு.

நிறுத்தலாமா என்ற கேள்வி உங்களுடையது மட்டுமல்ல. அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்குள் அவளைப் பார்த்துச் சொல்லுங்கள்: எப்போது வேலை போனது, கையிருப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு, எங்கெல்லாம் விண்ணப்பித்திருக்கிறீர்கள். அவள் யோசிக்க அவகாசம் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். பிறகு அவள் அப்பாவிடமும் சொல்லுங்கள். அதற்கு உங்கள் அப்பாவையோ மாமாவையோ அனுப்ப வேண்டாம், நீங்களே போங்கள்.