கிறிஸ்மஸ் கவர் ஏன் திரும்பி வருவதில்லை?

அன்புள்ள ஐயா, ஸ்தோத்திரம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் ஒரு சிறிய சபையில் இந்த ஆண்டு பொருளாளராகப் பொறுப்பேற்றிருக்கிறேன். 140 குடும்பங்கள். பாதிப் பேருக்கு ரப்பர் வெட்டும் கட்டட வேலையும்தான். மீதி ஆசிரியர்கள், பென்ஷன்காரர்கள், பிள்ளைகள் வளைகுடாவில் இருக்கும் வீடுகள். டிசம்பர் இரண்டாம் ஞாயிறு கிறிஸ்மஸ் கவர் (காணிக்கை போட்டுத் திருப்பித் தரும் உறை) கொடுப்பது வழக்கம். கடந்த இரண்டு ஆண்டும் 50 கவர்கூடத் திரும்பி வரவில்லை. இம்முறை கஷ்டப்படும் 20 குடும்பங்களுக்கு உதவ நினைக்கிறோம்; கோயில் கூரையும் ஒழுகுகிறது. கொடுத்தவர் பெயரையும் தொகையையும் ஆராதனையில் வாசிக்கலாம், தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) பற்றித் தொடர்ந்து பிரசங்கிக்கலாம், வாசலில் கியூஆர் கோடு ஒட்டலாம் என்று கமிட்டியில் மூன்று யோசனைகள். எது சரிவரும்? விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் எப்படிக் கேட்பது? என் பெயர் வேண்டாம்.

ஒரு பொருளாளர்

அன்புள்ள பொருளாளர் அவர்களுக்கு,

அந்த மூன்றையும் பிறகு பார்ப்போம். முதலில் தேதியை மாற்றுங்கள். டிசம்பர் இரண்டாம் ஞாயிறு கவர் கொடுத்தால் பாதி வீடுகளில் பணம் ஏற்கெனவே துணிக்கடைக்குப் போயிருக்கும். ஆசிரியர் வீட்டில் கிறிஸ்மஸுக்கு முந்தைய கடைசிச் சம்பளம் நவம்பர் மாதச் சம்பளம்தான். டிசம்பர் சம்பளம் பண்டிகை கழிந்தே கைக்கு வரும். எனவே கவர் நவம்பர் மூன்றாம் ஞாயிறே வீடுகளுக்குப் போய்விட வேண்டும். அட்வெந்து எனப்படும் கிறிஸ்மஸ் ஆயத்தக் காலத்தின் முதல் ஞாயிறு எப்போதும் நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும், அதாவது சம்பளம் விழும் அதே வாரம். அன்று முதல் கவர்களைத் திரும்ப வாங்குங்கள்.

ரப்பர் வெட்டுகிறவர்கள் கதை வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பல நாள் வெட்டு நடக்காது. மழை விட்டு டிசம்பரில்தான் பால் நன்றாக இறங்கும். அதுவும் இலை உதிரும் காலம் வரைக்கும்தான். நவம்பர் கடைசியில் அவர்கள் கையில் பணம் இருக்காது, கடன்தான் இருக்கும். கட்டட வேலைக்காரருக்கோ சனிக்கிழமைக் கூலி. இந்த இரு கூட்டத்தாரிடமும் 500 ரூபாயை ஒரே நோட்டாகக் கேட்டால் வராது. நவம்பர் முதல் ஞாயிறு தொடங்கி வாரம் 50 ரூபாயாக எடுத்து வைக்கச் சொல்லி, அதற்கென்று ஏழு கட்டம் அச்சடித்த கவரைக் கொடுங்கள். டிசம்பர் நடுவில் 350 ரூபாய் சேர்ந்திருக்கும். வாரத்தின் முதல் நாளில் வரவுக்குத் தக்கதாகச் சேர்த்து வைக்கும்படி அப்போஸ்தலன் பவுல் கொரிந்து சபையாருக்கு எழுதியது இதைத்தான். நம் பாட்டிமார் உலைக்கு அரிசி போடும்போது ஒரு பிடியைத் தனியே கலயத்தில் போட்டு வைத்ததும் இதுதான்.

அடுத்து, ஒரு டிசம்பரில் ஒரே வீட்டு வாசலில் எத்தனை பேர் கை நீட்டுகிறார்கள் என்று கமிட்டியில் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். வாலிபர் ஐக்கியத்தின் கேரல் ரவுண்ட்ஸ், ஞாயிறு பள்ளிப் பரிசு, பெண்கள் ஐக்கிய சங்கம், நட்சத்திரமும் மின் அலங்காரமும், மிஷனெரி காணிக்கை, கட்டட நிதி, 31ஆம் தேதி இரவு ஆராதனை, புத்தாண்டுக் காணிக்கை. இதற்கு மேல் தெருவில் குடில் வைக்கும் கிளப் பையன்கள். வீட்டுக்காரர் ஒவ்வொருவருக்கும் நூறு நூறாகக் கொடுத்து ஓய்ந்தபின் உங்கள் கவர் மேசை விரிப்புக்கு அடியில் போய்விடுகிறது. கிளப்பை நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. சபைக்குள் இருப்பவற்றை இரண்டாகக் குறைக்க முடியும்: டிசம்பரில் ஒரே கவர், அது அந்த 20 குடும்பங்களுக்கு, ஜனவரி முதல் தேதி ஒரு காணிக்கை, அது கூரைக்கு. அரசு ஊழியர்களில் ஒரு பகுதியினருக்குப் பொங்கல் போனஸ் வருவதும் ஜனவரியில்தான். அதுவரை கூரைமேல் ஒரு தார்ப்பாய் போதும். அலங்காரச் செலவைக் கேரல் பணத்தோடு வாலிபர்களிடமே விட்டுவிடுங்கள். அதில் பொருளாளர் தலையிட்டால் சண்டைதான் மிச்சம்.

கவரில் என்ன அச்சடிப்பது? “கிறிஸ்மஸ் காணிக்கை” என்று மட்டும் போட்டால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. கணக்கைப் போடுங்கள். வீட்டுக்கு 2,000 வீதம் 20 வீட்டுக்கு 40,000 ரூபாய். இதை 140ஆல் வகுத்து ஆளுக்கு 286 என்று அறிவிக்காதீர்கள். அறிவித்தால் ஆயிரம் கொடுக்கக்கூடியவரும் 300இல் நிறுத்திக்கொள்வார், நூறு மட்டும் முடிகிறவர் கவரையே கொண்டுவர மாட்டார். படி வைத்துப் பிரியுங்கள்: ஆயிரம் கொடுப்பவர் 15 பேர், ஐந்நூறு கொடுப்பவர் 30 பேர், இருநூறு கொடுப்பவர் 50 பேர். சேர்ந்தால் சரியாக 40,000. 95 கவர் போதும். இந்த மூன்று வரியையும் கவரின் பின்புறம் போட்டு, கீழே “உங்கள் மனம்போல” என்று ஒரு கட்டமும் விடுங்கள். ஆயிரம் கொடுக்கக்கூடிய அந்த 15 பேரைப் போதகரும் நீங்களும் நவம்பரிலேயே நேரில் பார்த்துப் பேசிவிடுங்கள். பொது அறிவிப்பைக் கேட்டு ஆயிரம் போடுகிறவர்கள் குறைவு.

உதவி பெறப்போகும் 20 வீட்டுக்கும் கவர் போக வேண்டும். “அவர்களிடம் எப்படிக் கேட்பது” என்று கமிட்டியில் யாராவது இரக்கப்படுவார். அந்த வீடுகளை மட்டும் விட்டுவிட்டால் யார் பட்டியலில் இருக்கிறார்கள் என்று ஊருக்கே தெரிந்துவிடும். பத்து ரூபாய் போட்டுத் தருகிற விதவைக்கும் சபையில் கொடுக்கும் இடம் உண்டு. சுவிசேஷத்தில் இரண்டு காசு போட்ட ஏழை விதவையை யாரும் பெட்டியருகே தடுத்து நிறுத்தவில்லை.

பெயரும் தொகையும் வாசிக்கும் யோசனையை இந்தக் கூட்டத்திலேயே கைவிடுங்கள். முதல் ஆண்டு வசூல் கூடும், மறுக்கவில்லை. முதல் பத்துப் பெயரில் என்ன தொகை வருகிறதோ அதுதான் பிறகு எல்லோருக்கும் ரேட். அதற்குக் குறைவாக முடிகிறவர் அந்த ஞாயிறு கோயிலுக்கே வரமாட்டார். மைத்துனன் பெயருக்கு நேரே ஆயிரம் என்று கேட்டுவிட்டுக் கடன் வாங்கி ஆயிரத்து ஐந்நூறு போடுகிறவரும் உண்டு. விசனமாகவோ கட்டாயமாகவோ கொடுக்கக் கூடாது என்று வேதத்தில் எழுதியிருப்பது இவருக்காகத்தான். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வாழைக்குலையைக் கூவிக்கூவி ஏற்றிவிடுவது வேறு விஷயம், அது விளையாட்டு. (அதிலும் ஏலம் எடுத்தவர் பாக்கி வைத்துவிட்டு அடுத்த ஆண்டுவரை பொருளாளரைக் கண்டால் ஒதுங்கிப் போவது தனிக்கதை.) வாசிக்க வேண்டியது இரண்டே எண்: இதுவரை எத்தனை கவர் வந்தது, எத்தனை வீட்டுக்குத் தொகை தேறியது. “62 கவர், 13 வீடு நிறைந்தது” என்றால் மீதி ஏழு வீடு எல்லோர் மனதிலும் நிற்கும்.

தசமபாகப் பிரசங்கத்தை டிசம்பரில் வைக்க வேண்டாம். பண்டிகைச் செலவில் மூச்சுத் திணறுகிறவனுக்கு அது வசூல் நோட்டீஸாகத்தான் கேட்கும். ஜூன், ஜூலையில் போதகர் பேசட்டும்.

கியூஆர் கோடு நல்லதுதான். கணக்கு சபையின் பெயரில், இருவர் கையெழுத்தில் இருக்க வேண்டும். “இப்போதைக்கு என் ஜிபே எண்ணில் போடுங்கள், பிறகு மாற்றிவிடுகிறேன்” என்று எந்தப் பொருளாளரும் சொல்லக் கூடாது, நீங்களும்தான். எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் உங்கள் வீட்டுக் கரண்ட் பில்லும் சபைக் காணிக்கையும் ஒரே பாஸ்புக்கில் வந்தபின் யாருக்கும் விளக்க முடியாது. அடுத்த தொல்லை, பாஸ்புக்கில் எது எதற்கு வந்த பணம் என்று தெரியாமல் போவது. குறிப்பு எழுதச் சொன்னால் பாதிப் பேர் எழுத மாட்டார்கள். அதனால் கடைசி எண்ணில் அடையாளம் வையுங்கள்: 20 குடும்ப உதவிக்கு 1 ரூபாய் சேர்த்து 201, 501, 1,001, கூரைக்கு 2 சேர்த்து 502, 1,002. மொய் எழுதிப் பழகிய ஊருக்கு இது எளிதில் பிடிபடும். வாசலில் ஒட்டிய கியூஆர்மேல் யாராவது வேறொன்றை ஒட்டிவிடவும் கூடும். ஞாயிறுதோறும் காலையில் ஒரு ரூபாய் அனுப்பி, திரையில் சபையின் பெயர்தான் வருகிறதா என்று பாருங்கள்.

எண்ணும் மேசையில் தவறுவதுதான் அதிகம். ஒரே குடும்பத்தைச் சேராத இருவர் எண்ணட்டும், நீங்கள் எழுதுங்கள், கை வைக்க வேண்டாம். முதலில் கவர்களின் எண்ணிக்கை. பிறகு ஒவ்வொன்றையும் பிரித்து, உள்ளே இருந்த தொகையை அந்தக் கவரின் மேலேயே எழுத வேண்டும். நோட்டு வாரியாக ஒரு தாள்: 500 எத்தனை, 200 எத்தனை, சில்லறை எவ்வளவு. கவர்களின் கூட்டலும் நோட்டுக் கூட்டலும் ஒத்துப்போனால் மூவரும் கையெழுத்து. வெறும் கவர்களை ஓராண்டு வைத்திருங்கள். “நான் 500 போட்டேனே, ரசீதில் 200 இருக்கிறதே” என்ற கேள்வி மார்ச் மாதம்கூட வரும். டிசம்பர் 25 வங்கி விடுமுறை, அதோடு சனி ஞாயிறு ஒட்டிக்கொண்டால் பணம் பல நாள் வீட்டு பீரோவில் கிடக்கும். பணம் போடும் இயந்திரத்தில் அன்றே செலுத்த வழியுண்டா என்று முன்கூட்டியே வங்கியில் கேட்டு வையுங்கள். வசூல் ரொக்கத்திலிருந்தே மைக் செட்காரருக்கு எடுத்துக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். எல்லாம் கணக்கில் ஏறி, கணக்கிலிருந்து இறங்க வேண்டும்.

உதவியை அரிசி மூட்டையாகக் கொடுக்காதீர்கள். ரேஷன் அரிசி இலவசமாகக் கிடைக்கும் மாநிலத்தில் அரிசி அல்ல குறை. பண்டிகைக்கு முந்திரிக்கொத்து செய்யச் சிறுபயறும் கருப்பட்டியும் தேங்காய் எண்ணெயும் வேண்டும், பிள்ளைக்கு அளவான சட்டை வேண்டும், அன்றைக்குக் கறி வேண்டும். இவை மூன்றையும் கமிட்டி வாங்கினால் மூன்றும் பொருந்தாது. 2,000 ரூபாயைப் பணமாகவே, டிசம்பர் 18க்குள், போதகரும் இன்னொருவரும் இருட்டியபின் வீட்டுக்குப் போய்க் கொடுக்கட்டும். 24ஆம் தேதி கொடுத்தால் பலகாரம் சுட நேரமில்லை. ஆல்டர் முன்னால் வரிசையில் நிறுத்தி போட்டோ எடுத்தால் அடுத்த ஆண்டு மிகத் தேவையுள்ள வீடுதான் முதலில் “எங்களுக்கு வேண்டாம்” என்று சொல்லும். தொகை கூடுதலாக வந்தால் எல்லாவற்றையும் செலவழித்துவிடாதீர்கள். 2004 சுனாமி டிசம்பர் 26 அன்று, 2017 ஒக்கி புயல் நவம்பர் 30 அன்று. நம் மாவட்டத்தில் ஆபத்து வந்த காலம் இது; கையில் கொஞ்சம் இருக்கட்டும்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைப் பொறுத்தவரை கேட்க வேண்டியது அவர் வேலை பார்க்கும் நாட்டையல்ல, பாஸ்போர்ட்டை. இந்தியப் பாஸ்போர்ட்டோடு குவைத்திலோ துபாயிலோ இருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. தாராளமாக வாங்கலாம். அமெரிக்க, ஆஸ்திரேலியக் குடியுரிமை பெற்றுவிட்டவர் நம் ஊரில் பிறந்தவராக இருந்தாலும், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை) வைத்திருந்தாலும், விடுமுறைக்கு வந்து ரூபாய் நோட்டாகவே கவரில் போட்டாலும் அது வெளிநாட்டு நன்கொடைகளை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டத்தில் வெளிநாட்டு நன்கொடைதான். அந்தச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ இல்லாத சபை அதைத் தொடக் கூடாது. பதிவுள்ள அமைப்பும் அதற்கெனப் புதுடெல்லி எஸ்பிஐ தலைமைக் கிளையில் உள்ள கணக்கில்தான் வாங்க முடியும். அங்கிருந்து வேறு அமைப்புக்கு மாற்றுவதையும் 2020 திருத்தம் தடுத்துவிட்டது. அப்படிப்பட்டவர் கேட்டால், இங்கேயுள்ள தன் சொந்தக்காரக் குடும்பத்துக்கு அவரே நேரில் உதவட்டும். “80ஜி ரசீது தருவீர்களா” என்றும் சிலர் கேட்பார்கள். சபையின் ஆராதனைச் செலவுக்குக் கொடுப்பதற்கு பொதுவாக அந்த வருமான வரிச் சலுகை கிடையாது. தருவதாகச் சொல்லிவிடாதீர்கள்.

ஜனவரி இரண்டாம் ஞாயிறு அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டுங்கள்: வந்த கவர், வந்த தொகை, கியூஆரில் வந்தது, கொடுத்த வீடுகளின் எண்ணிக்கை (பெயர் வேண்டாம்), மீதி, எண்ணியவர்கள் கையெழுத்து. எருசலேமுக்கான தர்மப் பணத்தைக் கொண்டுபோகப் பவுல் தனியே புறப்படவில்லை. யாரும் குறை சொல்லக் கூடாதென்று சபைகள் தெரிந்தெடுத்த ஆளையும் கூட்டிக்கொண்டுதான் போக ஏற்பாடு செய்தார். கமிட்டியில் யாராவது “எங்களை நம்பவில்லையா” என்று கோபப்பட்டால் இரண்டு கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தை எடுத்துக் காட்டுங்கள்.