உடம்பு முடியாவிட்டாலும் ஆண்கள் ஆஸ்பத்திரிக்குப் போகாததற்கு வீம்பு மட்டும்தான் காரணமா?

கேள்வியைப் பார்த்ததும் சென்னை காசிமேடு ஞாபகம் வந்தது. மானிடவியல் முதுகலை படித்தபோது, களப்பணிக்காக மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஒரு டீக்கடையில் இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தேன். லோடு தூக்கும் ஆண்களும் ரத்த அழுத்தமும் என்பது தலைப்பு. 'ஆம்பளைங்களுக்கு வீம்பு' என்ற முடிவை வீட்டிலேயே எடுத்துக்கொண்டுதான் போனேன்.

முதல் வாரம் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நாலு பேர் நடுவில் ஒருவரிடம், "அண்ணா, கடைசியா எப்போ பிபி பாத்தீங்க?" என்று கேட்டேன். "நமக்கு இன்னாப்பா நோவு?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அடுத்தவரிடமும் அதே பதில். அதை வைத்தே ஆய்வேட்டை முடித்திருக்கலாம், பட்டமும் கிடைத்திருக்கும்.

அப்புறம் படிவத்தை மூடிவிட்டு பிபி மிஷினை மட்டும் பெஞ்சில் வைத்தேன். கூட்டம் கலைந்ததும், ஐம்பதைத் தொட்ட ஒருவர் தனியாகத் திரும்பி வந்தார். "எனக்கில்ல தம்பி, மிஷின் ஓடுதான்னு பாப்பம்" என்று கையை நீட்டினார். 170/110, ரொம்பவே அதிகம். நோயைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. "மேஸ்திரி கையில சொல்லிடாத" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தலைசுற்றல் இருப்பது தெரிந்தால் மறுநாள் லோடுக்குக் கூப்பிட மாட்டார்கள். 'ஒண்ணுமில்ல' என்று அவர் சொல்வது கூலியைக் காப்பாற்றிக்கொள்ள. ஆண்மை என்று ஒன்றே ஒன்று இல்லை, ஆண்களுக்குள்ளேயே மேல் கீழ் அடுக்குகள் உண்டு என்று ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் ரேவின் கானல் சொன்னதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருந்தேன். அது அந்த பெஞ்சில்தான் புரிந்தது. ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிக்காரர் மாஸ்டர் செக்கப் செய்துகொண்டு அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்ளலாம். உடம்பையே முதலாகப் போட்டுப் பிழைப்பவர் அந்த உடம்பில் கோளாறு என்று எப்படிச் சொல்வார்? (வீம்பே கிடையாது என்று சொல்லவில்லை. குடி விஷயத்தில் நிறையவே பார்த்தேன். அதற்குத் தனிப் பதில்தான் எழுத வேண்டும்.)

சரி, பொது சுகாதாரம் ஆண்களை எப்படிப் பார்த்தது? ஆரம்ப சுகாதார நிலையம் என்றாலே நமக்குத் தாய் சேய் நலம்தான் நினைவுக்கு வரும். அரசு ஆண்களைப் பெரிய அளவில் தேடிப் போனது நெருக்கடி நிலையின்போது. 1976-77இல் மட்டும் சுமார் 62 லட்சம் ஆண்களுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் நடந்தது, அதில் கட்டாயத்தின் பேரில் நடந்தது ஏராளம். அதன்பின் அரசுகள் அந்த அளவுக்கு ஆண்கள் பக்கம் திரும்பத் துணியவில்லை, சுமையின் பெரும்பகுதி பெண்கள் தலையில் விழுந்தது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தம்பதிகளில் பெண் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டது 37.9 சதவீதம், ஆண் செய்துகொண்டது 0.3 சதவீதம். அந்தக் கணக்கெடுப்பிலேயே பேட்டி கண்ட பெண்கள் ஏழு லட்சத்துக்கும் மேல், ஆண்கள் ஒரு லட்சம் சொச்சம்தான். கேட்காமலே 'ஆண்கள் சொல்ல மாட்டார்கள்' என்று எழுதிவிடுகிறோம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே வந்து பிபி, சுகர் பார்த்து மாத்திரையும் கொடுக்கிறது. நல்ல திட்டம். ஆனால் காசிமேட்டில் நள்ளிரவு தாண்டித் தொடங்கும் வேலை காலையில்தான் முடியும். ஊழியர் பகலில் கதவைத் தட்டும்போது இவர் அசந்து தூங்கிக்கொண்டிருப்பார்.

அந்த அண்ணனை இரண்டு வருடம் முன்பு மறுபடி பார்த்தேன். மாத்திரை சாப்பிடுகிறார். வாங்கி வைப்பது அவர் மனைவி. டிவி மேல் இருந்த மாத்திரை அட்டையை நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "அது அவளுது" என்றார். அண்ணி எதுவும் பேசாமல் எனக்கு டீ போட உள்ளே போனார்.